பூசையில் வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நான் ஆறாம் வகுப்பு, அண்ணன் ஒன்பதாம் வகுப்பு. கறம்பக்குடியில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். புதிது ஒன்றுமில்லை. புதுக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா போய் வாங்கிவந்தது. பெட்டியையும் மற்றதையும் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, மானிட்டரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அந்தக் காலத்து மானிட்டர், பின்பக்கம் பானை மாதிரி இருக்கும், கனமும் அப்படித்தான். ஊர் வந்து இறங்கும்போது அவருக்குக் கால் மரத்துப்போய் ஐந்து நிமிஷம் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றாராம். மடியில் வைத்திருப்பதற்கு எதற்கு லக்கேஜ் டிக்கெட் என்று கண்டக்டரோடு வழியெல்லாம் வழக்காடியதில்தான் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"புள்ளைங்க படிப்புக்குங்க" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். நாங்களும் அதையே சொன்னோம். எந்தப் பாடத்தை அதில் படிப்பது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்போம்.

கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் செருப்போடு போகக்கூடாது என்று யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் எந்த அறைக்குள்ளும் யாரும் செருப்போடு போவதில்லை. ஆகவே அம்மா ஒரு படி மேலே போய், கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று சட்டம் போட்டார். பழைய பட்டுப்பாவாடையைப் பிரித்து மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் தனித்தனியாக உறை தைத்தார். தூசிக்குப் பயந்து செய்ததெல்லாம் ஒரே மாதத்தில் பக்தியாக மாறிவிட்டது. தெருவில் பார்க்க வந்த பெண்கள் சிலர் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சனி, ஞாயிறு தலைக்கு அரை மணி நேரம் என்பது எங்கள் பங்கு. செங்கல்லைப் பந்தால் அடித்து உடைக்கிற ஆட்டம் ஒன்று இருந்தது. வாலை வளர்த்துக்கொண்டே போகிற பாம்பு ஆட்டம் ஒன்று. அரை மணியில் பாதியைக் கம்ப்யூட்டர் விழித்து எழுந்திருப்பதற்கே எடுத்துக்கொள்ளும். மீதியில் கரண்ட் போகும். கரண்ட் போனதும் யுபிஎஸ் கத்த ஆரம்பிக்கும். அடுப்படியிலிருந்து அம்மா, "அது அழுவுது, அமத்துங்கடா" என்று சத்தம் போடுவார். எதையும் சேமிக்காமல் அமத்திவிட்டுப் பாம்பு இறந்த துக்கத்தோடு எழுந்து வருவோம்.

இந்த நிலைமையில்தான் அப்பாவும் போட்டிக்கு வந்தார். அவர் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் இருக்க, விரல்கள் தாமாகவே தட்டிக்கொண்டு போகும். அலுவலகத்தில் அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அப்படிப்பட்டவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கால் கழுவி, காப்பி குடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சீட்டாடத் தொடங்கினார். ஒற்றை ஆள் ஆடுகிற சீட்டு. கறுப்பின் மேல் சிவப்பு, சிவப்பின் மேல் கறுப்பு என்று அடுக்கவேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும் அப்பாவுக்கு வரவில்லை. கீபோர்டில் தெறித்த விரல்கள் மவுஸைக் கண்டால் ஓய்ந்துபோயின. கடிக்கிற நண்டைப் பிடிப்பதுபோல மேலிருந்து கவ்விப் பிடிப்பார். மேசை விளிம்பு வந்ததும் மவுஸை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டே போவார், அம்பு அங்கேயே நிற்கும். ஒரு சீட்டை இழுத்து இடம் சேர்ப்பதற்குள் மூச்சை அடக்கி, உதட்டைக் கடித்து, பாதி வழியில் நழுவ விட்டுவிடுவார். இரண்டு முறை தட்டவேண்டிய இடத்தில் ஒரு முறை தட்டி, யோசித்து, அப்புறம் இன்னொரு முறை தட்டுவார். நானும் அண்ணனும் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். சிரிப்புக்கு நடுவில் எரிச்சலும் இருந்தது. ஆடத் தெரியாத மனிதர் தினமும் ஒரு மணி நேரம் ஆடுவதும், ஆடத் தெரிந்த நாங்கள் சனிக்கிழமைக்குக் காத்திருப்பதும் என்ன நியாயம்?

அம்மா முதலில் பெரிய ரகளை செய்தார். "எங்க வீட்டுல சீட்டுக்கட்டு வாசல மிதிச்சதில்ல. இங்க நடுவீட்டுல வச்சு ஆடுறீங்க" என்றார். அப்பா அவரை அடுப்படிக்குள் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். அதற்குப்பிறகு அம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் கட்சிக்கு இருந்த ஒரே ஆதரவும் போனது.

அப்போதுதான் அண்ணனுக்கு ஒரு சிடி கிடைத்தது. கார் ஓட்டுகிற ஆட்டம். அவன் வகுப்புப் பையனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. வகுப்பே அதற்காக வரிசையில் நின்றது. அண்ணனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக அவன் இரண்டு வாரம் அந்தப் பையனுக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்திருந்தான். சரஸ்வதி பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் சிடி வந்தது. பூசையன்று ஐந்து மணிக்கு அந்தப் பையன் வந்து வாங்கிக்கொள்வான், ஆறு மணி பஸ்ஸில் அவர்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறார்கள். வந்த அன்று ராத்திரி எட்டு மணிவரை எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, அதற்குமேல் கம்ப்யூட்டர் போட அம்மா விடமாட்டார். போகட்டும், நாளைக்கு முழுநாள் இருக்கிறதே என்று இருந்துவிட்டோம்.

சரஸ்வதி பூசை எங்களுக்குப் பிடித்த பண்டிகை. புத்தகத்தையெல்லாம் சாமி முன்னால் அடுக்கிவிட்டால் மறுநாள் காலையில் மறுபடி பூசை போட்டு எடுக்கிறவரை தொடக்கூடாது. படிக்காமல் இருப்பதே பக்தி என்று சொல்கிற வேறு பண்டிகை எது? நான் கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். தெரியாமல்கூடக் கைபட்டுவிடக் கூடாதே.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டர் அறைக்குள் போவதைப் பார்த்ததும் அண்ணன் முகம் வெளுத்தது.

"அதெதுக்கும்மா? அது புத்தகமா?"

"படிப்புக்குத்தானே வாங்குனது?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "படிப்புக்குத்தான், ஆனா..." என்று இழுத்தான்.

"இல்ல, வெளையாட்டுச் சாமான்தான்னு சொல்லு. லீவு முடிஞ்சதும் ஒங்கப்பாட்ட சொல்லித் திருப்பிக் குடுக்கச் சொல்றேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பது சரிதான். நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அம்மா மானிட்டர் கண்ணாடியில் மூன்று பொட்டு வைத்தார். பெட்டிக்குத் திருநீற்றுப் பட்டை போட்டார். கீபோர்டில் ஓரத்தில் ஒரு பொட்டு. மவுஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மேலும் கீழும் தாராளமாகச் சந்தனம் பூசினார். மேலே செவ்வந்தி மாலை. அப்பா ஒரு ஓரமாகக் கைகூப்பி நின்றார். அவர் முகமும் எங்கள் முகத்தைப்போலவே தொங்கிக் கிடந்ததை அன்றைக்கு நான் கவனித்தேன். சீட்டாட முடியாத கவலை என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா பொரியும் சுண்டலும் தட்டில் எடுத்துக்கொண்டு, "தெருவுல குடுத்துட்டு வாரேன், அஞ்சு மணி ஆவும்" என்று யாரும் கேட்காமலேயே நேரம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்பா தூங்குவதாகச் சொல்லியிருந்தார். அண்ணன் சட்டைக்குள் இருந்த சிடியைத் தொட்டுக் காட்டினான். சாமி குத்தம் என்று எனக்குப் பயம். பூசையில் இருப்பது கம்ப்யூட்டர்தான், சிடி பூசையில் இல்லை, சிடிக்குத் தோஷமில்லை என்று அண்ணன் விளக்கம் சொன்னான். கார் ஆசையில் எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. காலைக் கழுவிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினோம்.

உள்ளே அப்பா உட்கார்ந்திருந்தார். மாலையை ஒருபக்கமாக ஒதுக்கி வைத்திருந்தார். மூன்று பொட்டுக்கு நடுவில் சீட்டுகள் பரப்பிக் கிடந்தன.

வெள்ளிக்கிழமை நகம்கூட வெட்டாத மனிதர். பூசையில் வைத்த சாமானைத் தொட்டதோடு நில்லாமல் அதில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார். எங்களைப் பார்த்ததும் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல எழுந்தார். நாங்களும் அதே நிலைமைதான்.

முதலில் சுதாரித்தது அண்ணன். "அம்மாட்ட சொல்லவா?" என்றான்.

அப்பா கோபப்பட்டிருக்கவேண்டும். படவில்லை. வேர்த்துப் போயிருந்தார். மவுஸைப் பார்த்தபடியே, "நேத்து வரைக்கும் கொஞ்சமாச்சும் நகந்துச்சுய்யா. இன்னைக்கு ஆட்டத்தத் தொறந்ததோட சரி, சுத்தமா வர மாட்டேங்குது. சாமி குத்தமா, என் கையே வெளங்காமப் போச்சான்னு தெரியல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு அவசரம், மணி மூன்று ஆகியிருந்தது. "தள்ளுங்கப்பா" என்று மவுஸை எடுத்து நகர்த்தினான். அவன் கைக்கும் அம்பு அசையவில்லை. மவுஸைக் கவிழ்த்தான். அந்தக் காலத்து மவுஸின் அடியில் நெல்லிக்காய் அளவு ரப்பர் பந்து ஒன்று இருக்கும். அது உருண்டால்தான் அம்பு நகரும். மூடியைத் திருகித் திறந்தான். பந்து முழுக்கச் சந்தனம் அப்பிக் காய்ந்துபோயிருந்தது. பந்து உட்காரும் குழியிலும் சந்தனம். தீக்குச்சியால் சுரண்டி, பந்தைச் சட்டையில் தேய்த்துத் துடைத்து உள்ளே போட்டு மூடினான். அம்பு ஓடியது.

"அப்ப கோளாறு என் கையில இல்லையா?" என்றார் அப்பா.

"ஒங்க கையில என்ன கோளாறு? நல்லாத்தான் இருக்கு."

அப்பா அதைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். அண்ணன் எரிச்சலோடு சொன்னான். நான் அந்த வயதில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ நல்ல செய்தி வந்து பார்த்திருக்கிறேன். ஒரு மவுஸ் ரிப்பேராகி இருந்ததற்காக அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளைப் பார்த்ததில்லை.

"இந்த ஒரு ஆட்டத்த மட்டும் முடிச்சுக்கிறேன். அப்புறம் நீங்க என்ன வேணாலும் ஆடிக்கங்க. ஆத்தா, நீயும்தான்" என்று என் பக்கமும் திரும்பி எங்களிடம் அனுமதி கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அப்பா எங்களிடம் கெஞ்சுகிறார். பெருந்தன்மையோடு சம்மதித்தோம். அண்ணன் பக்கத்தில் நின்று, "இறுக்கிப் பிடிக்காதீங்கப்பா, சும்மா கைய வைங்க. ரெண்டு தட்டு, சேத்துத் தட்டுங்க" என்று சொல்லிக்கொடுத்தான். சீக்கிரம் முடிந்தால் போதும் என்பதுதான் அவன் அக்கறை. அப்பா சொன்னபடி செய்தார். சீட்டுகள் ஒவ்வொன்றாக இடம் சேர்ந்தன. கடைசிச் சீட்டு உட்கார்ந்ததும் எல்லாச் சீட்டும் திரையில் துள்ளித் துள்ளிக் கொட்டின. அப்படி ஒன்று நடக்கும் என்றே அதுவரை அப்பாவுக்குத் தெரியாது. நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தார்.

அதன்பிறகு நாங்கள் கார் ஓட்டினோம். நான் மூன்று முறை மரத்தில் மோதினேன். அண்ணன் ஒருமுறை பாலத்திலிருந்து விழுந்தான். அப்பா தரையில் உட்கார்ந்து மவுஸ் பிடித்த எங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குச் சிடி போய்விட்டது.

ஐந்தேகாலுக்கு அம்மா வந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தார். மாலை கோணலாகக் கிடந்தது. மவுஸில் சந்தனம் இல்லை. அப்பாவின் விரலில் சந்தனம். பிரளயம்தான் என்று நானும் அண்ணனும் சுவரோடு ஒட்டி நின்றோம். அம்மா அப்பாவைப் பார்த்து மெதுவாக, "வருதாங்க?" என்று மட்டும் கேட்டார். "வருது" என்றார் அப்பா. அம்மா எங்கள் இருவருக்கும் பொரி அள்ளிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

விஷயத்தை அம்மா எனக்குச் சொன்னது, நான் வேலைக்குச் சேர்ந்து என் முதல் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோனபோது. அந்த வருஷம் அப்பாவின் அலுவலகத்தில் டைப்ரைட்டர்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் போட்டார்கள். நாலு பேர் முன்னால் அப்பா மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறியிருக்கிறார். பின்னால் யாரோ சிரித்திருக்கிறார்கள். பூசை லீவு முடிந்து வருவதற்குள் பழகாவிட்டால் தபால் பிரிக்கிற வேலைக்கு மாற்றிவிடுவதாக அதிகாரி சொல்லிவிட்டார். சீட்டாடினால் கை தானாக வந்துவிடும் என்று பிரவுசிங் சென்டர்க்காரர்தான் யோசனை சொன்னவர். பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம் என்பது அப்பா கேட்டுக்கொண்ட ஒரே விஷயம்.

"பூசையில வைக்காம இருக்க மனசு கேக்கல. வச்சா ஒங்கப்பா தொட மாட்டாரு. நான் வெளிய போயிட்டா ஆசையில தொடுவாருன்னுதான் தெருவெல்லாம் சுத்திட்டு வந்தேன். நான் பாக்காத வரைக்கும் குத்தமில்லைல" என்றார் அம்மா. கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவரு கைபடுற சாமான்னு அந்த மவுசுக்கு மட்டும் அடியிலயும் பூசி விட்டேன்" என்று சேர்த்துக்கொண்டார். லீவு முடிந்து போன அப்பா, ஓய்வு பெறுகிற நாள்வரை அதே நாற்காலியில்தான் இருந்தார்.

அன்றைக்கு எங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பொரியை மடியில் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, அப்பாவை எப்படி மிரட்டிக் காரியம் சாதித்தோம் என்று நானும் அண்ணனும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தோம். இனிமேல் அவர் நமக்குப் பயந்துதான் ஆகவேண்டும் என்றான் அண்ணன். ஆமாம் என்று நானும் முழுமனதாக நம்பினேன்.