நிரஞ்சன் மெதுவாக ஓட்டிய நான்கு மாதம்

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு லய வீடுகளுக்கு ஓட்டோவில் இருபது நிமிடம். நிரஞ்சன் பதினொரு நிமிடத்தில் கொண்டுபோய்விடுவான். அவன் வண்டியில் ஏறும் கிழவர்கள் பல்செட்டைக் கழற்றி மடியில் முடிந்துகொள்வார்கள்.

போன தைமாதம் அவன் மனைவி வினோதா ஒன்பது வாரக் கர்ப்பமாக இருந்தாள். கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போது, தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டது. அவள் திட்டினாள், அவன் சிரித்தான். மூன்றாம் நாள் கரு கலைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஜெனுஷா ஒரு தாளை நீட்டினார். கலைந்த கருவின் நஞ்சுக்கொடித் திசுவைக் கொழும்பில் நடக்கும் ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா, காரணம் ஏதும் தெரியவரலாம் என்று விளக்கினார். இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

லயத்துக்காரர்கள் கொழும்புக்காகக் காத்திருக்கவில்லை. நிரஞ்சனின் அம்மா அம்மாக்கண்ணு பப்பாளிதான் காரணம் என்றாள். பக்கத்துக் காம்பிரா வீட்டு வேலாயி, உச்சிவேளையில் ஆற்றுக்குப் போனதுதான் என்றாள். பள்ளத்தை யாரும் சொல்லவில்லை. அது நிரஞ்சன் மனதில் மட்டும் கிடந்தது.

அன்றிலிருந்து அவன் வண்டி ஊர்ந்தது. பால்காரர் கந்தப்பன் ஒருநாள் கேனோடு ஏறியவர் பாதிவழியில் இறங்கிவிட்டார். "நீ பதனமா வா தம்பி. பாலு திரியறதுக்குள்ள நான் நடந்து போயிடுறேன்."

ஞாயிறுகளில் அவன் கூடையில் கல் சுமந்து ரோட்டுப் பள்ளங்களை நிரப்பினான். மூன்றாவது ஞாயிறு, வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் வந்து, பிரதேச சபைத் தேர்தலில் எந்தக் கட்சியில் நிற்கப்போகிறாய், எங்கள் கட்சிக்கே வந்துவிடு என்று கெஞ்சினார்கள். அவன் கல்லை அமுக்குவதிலேயே குறியாக இருந்ததைப் பார்த்து, பெரிய ஆள்தான் என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

வைகாசியில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. அம்மாக்கண்ணுவும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஜெனுஷா தோட்டத்து வாத்தியார் மகள். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "ஒவ்வொரு செல்லுலயும் குரோமோசோம்னு நாப்பத்தாறு இருக்கணும். இதுல நாப்பத்தேழு இருந்திருக்கு."

"ஒண்ணு கூட இருந்தா நல்லதுதானுங்களே?" என்றாள் அம்மாக்கண்ணு.

"இல்லம்மா. அந்த ஒண்ணால நஞ்சுக்கொடியில சில மரபணு அளவுக்கு மீறி வேலை செஞ்சிருக்கு, சிலது அடங்கிப்போயிருக்கு. அதனால கர்ப்பப்பையில அது சரியா வேர் பிடிக்கல. கரு உண்டாகும்போதே நடந்த பிசகு. யாரும் செஞ்சதில்ல, யாராலயும் தடுத்திருக்கவும் முடியாது."

நிரஞ்சன் டொக்டர் கையிலிருந்த ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்தான். "அந்தப் பள்ளம் இதுல தெரியுதுங்களா டொக்டர்?"

"எந்தப் பள்ளம்?"

சொன்னான். ரோட்டுக் குலுக்கலில் கரு கலையும் என்றால் இந்த மலையில் ஒரு பிள்ளையும் பிறந்திருக்காது என்றார் ஜெனுஷா.

வினோதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்கா நாலு மாசமா ஆமை மாதிரி ஓட்டுனீங்க? நான் என்மேல உள்ள கோவம்னு நெனச்சேன்."

"ஒம்மேல எனக்கென்ன கோவம்?"

"மாமி வேணாம்னு சொல்லியும் நான் பப்பாளி தின்னேன். ரெண்டு கீத்து. அதான் காரணம்னு நானே நம்பிட்டேன்."

அம்மாக்கண்ணு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "முத்துமாரிக்கு நேந்த மாவிளக்கை நான்தான் போடாம விட்டேன்," என்றாள். "அதை மறைக்கத்தான் பப்பாளியைச் சொன்னேன்."

"மாவிளக்கும் இதுல தெரியல," என்றார் டொக்டர்.

வெளியே வந்து மூவரும் ஒரு கடையில் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் வாங்கினார்கள். முதல் வாயிலேயே வினோதா அழ ஆரம்பித்தாள். கரு கலைந்ததிலிருந்து அவள் ஒருமுறைகூட வாய்விட்டு அழுததில்லை. "அழுவு தாயி, நல்லா அழுவு," என்று முதுகைத் தடவிய அம்மாக்கண்ணுவுக்கும் கண்ணீர் கொட்டியது. நிரஞ்சன் முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டான்.

கடைக்காரர் மூன்று பேரையும் பார்த்தார், சம்பலைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார்:

"ஏய், கொச்சிக்காயை எவ்வளவுடா போட்டே? தண்ணி கொண்டா, சீக்கிரம்!"