மரம் நறுக்கும் எந்திரமும் சில ஆணிகளும்

மரம் நறுக்கும் எந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவன் காதை நம்பித்தான் பிழைக்க வேண்டும்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. அந்தக் கரிக்காக, தென்காசியில் ஒரு மரக்கடையின் பின்புறத்தில், உளுத்த பலகை, ஒடிந்த வண்டிச் சட்டம், வேர்க்கட்டை என்று எதற்கும் உதவாத மரத்தையெல்லாம் எந்திரத்தில் துண்டாக்கி, மூட்டம் போட்டுக் கரியாக்கினோம். எந்திரம் என் பொறுப்பு. மரத்தை வாயில் கொடுப்பவர் சுடலை. விழுகிற துண்டுகளை அள்ளுவது அவர் மனைவி பேச்சி. உள்ளே சுழலும் கத்திகள் சீமையிலிருந்து வந்தவை. ஒரு செட் ஏற்கெனவே ஆணியில் பட்டு முறிந்துவிட்டது. இன்னொரு செட்டுக்குக் கப்பல் வராது. இருப்பதும் போனால் எந்திரத்தை மூடிவிடுவேன், மூன்று பேரும் வேறு பிழைப்புப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எந்த மரத்தையும் சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் கேட்ட பிறகே உள்ளே விட்டேன்.

கீழப்பாவூர்க் கதவு

கீழப்பாவூரிலிருந்து ஒருவர் பழைய கதவொன்றை வண்டியில் கொண்டுவந்தார். ஆணி இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கியாகிவிட்டது என்றார். இரண்டாம் முறை கேட்டதற்குக் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். அப்படியும் மனம் கேட்காமல் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் சத்தம் மாறியது. சாயத்தைச் சுரண்டினால், விரல் தடிமனில் இரும்பு.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"ஆணி இருக்கான்னுதானே கேட்டீய? இது பூட்டு மாட்டுற கொண்டியில்லா."

எண்ணெய்ப் பலகை

குற்றாலத்தில் சீசன் முடிந்ததும், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர் தம் பழைய பலகையைக் கொண்டுவந்து போட்டார். தட்டிப் பார்த்தேன். இரும்பு இல்லை. நிம்மதியாகச் சுடலையிடம் கொடுத்தேன்.

எத்தனையோ உடம்புகளின் எண்ணெயைக் குடித்த பலகை அது. கத்தி பிடித்து இழுத்ததும் பலகை வழுக்கி ஓடியது. அதை அழுத்திக்கொண்டிருந்த சுடலையின் கையும் கூடவே போனது. எந்திரத்தைச் சுற்றும் தோல் பட்டையைத் தள்ளி நான் அதை நிறுத்தியபோது, அவர் விரலுக்கும் கத்திக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. சுடலை தரையில் உட்கார்ந்துவிட்டார். பேச்சி வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பலகைக்காரருக்கு அது மனத்தாங்கலாகிவிட்டது.

"எத்தனை பெரிய மனுசங்க படுத்த பலகை. ஒருத்தரும் வழுக்கினேன்னு சொன்னதில்ல."

சுரண்டை பஸ்

ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்தே உள்ளே விட்டதால் கரி குறைந்தது. சுரண்டை பஸ்ஸின் டிரைவர் காலையில் வந்து சாக்கை விரித்துக்கொண்டு காத்திருப்பார். ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"நீரு தட்டிக்கிட்டே இரும் ஓய். அங்கன பொண்ணு பாக்கப் போறவன் பஸ்ஸுல உக்காந்து கிழவனாவுதான்."

எல்லைப் புளி

டிரைவரின் புகார் முதலாளி காதுக்கு எட்டியது. எங்கோ ரோட்டுக்காக வெட்டிய புளியமரத்தைக் கட்டை கட்டையாக வாங்கிப் போட்டு, சாயங்காலத்துக்குள் நறுக்கி முடி என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் கட்டையைத் தூக்கிய சுடலை அதை அப்படியே கீழே போட்டார். பட்டை மூடிய மூன்று ஆணித் தலைகள். ஒவ்வொன்றிலும் காய்ந்த தலைமுடி சுற்றியிருந்தது. பேய் பிடித்த பெண்ணை மரத்தடிக்குக் கூட்டிப்போய், உச்சிமுடியை ஆணியில் சுற்றி அடித்து, முடியை அறுத்துவிடுவார்கள். ஆணியைப் பிடுங்கினால் பேய் வெளியே வரும். பிடுங்காவிட்டால் கத்தி போகும். அன்று நறுக்க வேறு மரமும் இல்லை.

"கையை வெட்டினாலும் நான் தொட மாட்டேன் அண்ணாச்சி," என்றார் சுடலை. நான் ஆணி பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தேன், வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். 

பேச்சி கூடையை இறக்கிவிட்டு வந்தாள். கட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க ஊரு எல்லைப் புளி. இதுல ஒண்ணு எனக்கு அடிச்சது," என்று என் கையிலிருந்து குறட்டை வாங்கினாள். கட்டையின் மேல் ஒரு காலை ஊன்றி, மூன்றையும் பிடுங்கிப் போட்டாள். எது தன்னுடையது என்று தேடவில்லை. சுடலை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேய் என்ன ஆகும் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"பேயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இவரைக் கட்டிக்க மாட்டேன்னு சொன்னேன், அவ்வளவுதான்."

யுத்தம் முடியும்வரை கத்தி தாங்கியது. ஆனால் சுடலையும் நானும் அன்று மாலைவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மரம் நறுக்கினோம்.