புதுமடத்தில் ஒரு தவறான தட்டைப்புழு

போன அமாவாசையன்று புதுமடம் கடற்கரைக்குப் போனேன். உயிருள்ள தட்டைப்புழு ஒன்றைப் படமெடுத்து ரேவதிக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். எம்.எஸ்சி. விலங்கியலில் எங்களுக்கு ஒரே மேசை. ஃபார்மலின் பாட்டிலில் வெளுத்துக் கிடந்ததைத் தவிர வேறு தட்டைப்புழுவை நாங்கள் பார்த்ததில்லை. “உயிரோட பாத்தா எனக்கு அனுப்பு” என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சிக்காக நார்வே போனாள். பொங்கலுக்குப் பிறகு சரியான பேச்சில்லை. சண்டையும் இல்லை. ‘எப்படி இருக்கே’ என்றால் ‘நல்லா இருக்கேன்’ என்று வரும், அத்தோடு முடிந்துவிடும். பேசுவதற்கு ஒரு புழுவாவது வேண்டியிருந்தது.

ராமநாதபுரத்தில் காலை ஐந்தரைக்கு ராமேஸ்வரம் பஸ். உச்சிப்புளியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன், நூற்றைம்பது ரூபாய். ஓட்டியவர் ஜமால் அண்ணன்.

“புழு பாக்கவா இம்புட்டுத் தூரம் வாரீக? எங்க வீட்டு அரிசியிலயே நெளியுதே தம்பி.”

“அது வண்டோட குஞ்சுண்ணே. புழுக் கணக்குல வராது.”

“திங்கிற எங்களுக்கு எல்லாம் ஒரே கணக்குதான்.”

அமாவாசை வற்றில் கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. செத்த பவளக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒரு சிட்டிகை ஈரமணலை லென்சில் பார்த்தால் உருளைப்புழு கட்டாயம் இருக்கும். நூல்துண்டு மாதிரி, வளையமே இல்லாமல், சாட்டையாகத் துள்ளும். தூண்டில்காரர்கள் சேற்றில் தோண்டி எடுப்பது வளைதசைப்புழு. உடம்பெல்லாம் வளையம், இருபுறமும் முட்கள். தட்டைப்புழுவுக்கு இரண்டும் கிடையாது. ஈர இலை போல வழுக்கிப் போகும், வாயும் கழிவும் ஒரே வழி. மூன்று மணி நேரம் தேடியும் அது மட்டும் இல்லை.

கடைசிக் கல்லின் அடியில் தட்டையாக ஒன்று ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். முதுகில் செதில்கள், ஓரத்தில் முட்கள். செதில்புழு. உருவம்தான் தட்டை, இனம் வளைதசை. படம் எடுத்தேன்.

“கெடச்சிருச்சா?” என்றார் கரையில் காத்திருந்த ஜமால் அண்ணன்.

“இல்லண்ணே. இது வேற சாதி.”

“பெறகு எதுக்குப் படம்?”

‘தட்டைப்புழு கிடைத்துவிட்டது’ என்று எழுதி ரேவதிக்கு அனுப்பினேன். எதைப் பொறுத்தாலும் தப்பான வகைப்பாட்டை அவள் பொறுக்க மாட்டாள்.

உச்சிப்புளி டீக்கடையில் பதில் வந்தது. ‘லூசு, அது தட்டைப்புழு இல்ல. ஓரத்துல முள்ளு தெரியல? திருப்பிப் பாத்தியா?’

‘பாக்கல’ என்று அனுப்பினேன். டீ ஆறிப்போனது.

போகிறவர்களுக்கு: ரப்பர் செருப்பு வேண்டும், கல் காலைக் கிழிக்கும். எதையும் எடுத்து வராதீர்கள். புரட்டிய கல்லை அப்படியே திருப்பி வையுங்கள், அடியில் இருப்பவை வெயிலில் செத்துவிடும். முட்களை வெறுங்கையால் தொடாதீர்கள். தட்டைப்புழுவைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். அவசரமில்லை.

பஸ் ஏறிய பிறகு இன்னொன்று வந்தது. ‘முள்ளு உனக்குத் தெரியாம இருக்காதே. சரி, அடுத்த அமாவாசைக்கும் போறியா?’