மணக்கும் உடுப்போடு மான் வேட்டை

பாரிசின் லா சப்பேலில் மணமில்லாமல் வாழ்வது கடினம். எங்கள் வீடு ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடைக்கு மேலே இருக்கிறது. காலையில் தாளிதம், மாலையில் கொத்துரொட்டி. வில்லோடு தரையில் பதுங்கியிருந்து மான் வேட்டையாடுபவளுக்கு இது பெரும் தடை. துப்பாக்கிக்காரர் தொலைவில் நின்று சுடலாம். அம்புக்கு மான் மிக அருகில் வர வேண்டும். அதற்கு முன் மனித வாடை அதன் மூக்கை எட்டினால் வேட்டை முடிந்தது.

ஆய்வுகூடத்தில் வாசனைப் பொருள்களைப் பிரித்தளப்பதே என் வேலை. ஆகவே முறையாகத்தான் தொடங்கினேன். மணமற்ற சவர்க்காரம். காட்டுச் சருகோடு மூடிய பெட்டிக்குள் வேட்டை உடுப்பு. வேட்டைக்கு முதல் நாள் சாப்பாட்டில் உள்ளி இல்லை, தலைக்கு எண்ணெயும் இல்லை.

அந்தக் கோடையில் எங்கள் வேட்டைச் சங்கத்துக்கு ஓர் ஆண்மானுக்கு மட்டுமே அனுமதி எஞ்சியிருந்தது. ஒரு ஞாயிறு காலை எனக்கு. நான் தவறவிட்டால் அடுத்த ஞாயிறு சங்கத்தின் மூத்த வேட்டைக்காரருக்கு. சங்கத்தில் நான் மட்டும்தான் தமிழ்ப்பெண். அதுவரை ஒரு மானும் என் அம்புக்கு விழுந்ததில்லை.

சனி மாலை வீடு வந்தபோது பெட்டி வெறுமையாகக் கிடந்தது. உடுப்புகள் குசினிக் கொடியில் தொங்கின. பக்கத்து அடுப்பில் அம்மா மிளகாய்த்தூளுக்கு மல்லி வறுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, என்ன செய்து வைச்சிருக்கிறீங்கள்?"

"ஏன், தோய்ச்சனான். சருகுக்குள்ளை கிடந்த உடுப்பிலை ஒரு மணமும் இல்லை. நல்ல மணச் சவுக்காரம் போட்டனான்."

"மணம் இல்லாமல் இருக்கத்தானே இவ்வளவு பாடுபட்டனான்!"

"மானைப் பாக்கப் போறதெண்டாலும் ஊத்தையாப் போறதே?"

காற்றுத் திசை பார்க்க வைத்திருந்த பவுடர்ப் போத்தலும் காற்சட்டைப் பையோடு தோய்ந்து களியாகியிருந்தது. விடியற்காலை, வேறு வேட்டை உடுப்பு இல்லாததால் அதையே போட்டு நான் புறப்பட்டபோது, அம்மா என் நெற்றியில் திருநீறு பூசி, மிச்சத்தைப் பொட்டலமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ரயிலடியில் காரோடு காத்திருந்த மூத்த வேட்டைக்காரர், நான் ஏறியதும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார்.

"உன்னை மான் மோப்பம் பிடிக்க வேண்டியதில்லை, பெண்ணே. ரயில் நிற்க முதலே நான் பிடித்துவிட்டேன். அடுத்த ஞாயிறுக்கு என் அம்புகளைத் தீட்டி வைக்கிறேன்."

"தீட்டி வையுங்கள். சுவரில் மாட்ட அழகாக இருக்கும்."

காட்டுக்குள் தனியே நின்றபோது ஒன்று தெளிவாகப் புரிந்தது. மணத்தை இனி அழிக்க முடியாது. அது எந்தப் பக்கம் போகிறது என்பது மட்டுமே என் கையில் இருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை திருநீற்றைத் தூவினேன். அது நேரே மான் தடத்தை நோக்கிப் பறந்தது. வழக்கமான இடத்தில் குந்தியிருந்தால் வறுத்த மல்லி வாசம் எனக்கு முன்னே போய் மானை வரவேற்றிருக்கும்.

பெரிய வட்டமாகச் சுற்றி மறுபுறம் போனேன். விழுந்த மரமொன்றின் பின்னே முழங்காலிட்டு மறுபடி தூவினேன். இம்முறை திருநீறு என் தோளுக்கு மேலாகப் பின்னே போனது.

வெயில் இலைகளைத் தொட்டபோது ஆண்மான் வந்தது. மேய்ந்தது. தலை நிமிர்த்தி மூக்கைச் சுளித்தது. காற்று மாறவில்லை. மான் மறுபடி குனிந்தது. அதன் தலை ஒரு மரத்தண்டின் பின்னே மறைந்த கணத்தில் நாணை இழுத்தேன். அதன் தோளுக்குப் பின்னால் குறி வைத்து அம்பை விட்டேன். மான் பாய்ந்தது, தடுமாறியது, என் கண்ணெதிரிலேயே விழுந்தது.

அனுமதிப் பட்டியை நானே அதன் காலில் பூட்டினேன். காரடியிலிருந்து வந்த மூத்த வேட்டைக்காரர் ஓக் கிளையொன்றை முறித்து, வழக்கப்படி என் தொப்பியில் செருகினார். அப்படியே குனிந்து என் சட்டையை மோந்தார்.

"இப்படி மணக்கும் தூளை எந்தக் கடையில் விற்கிறார்கள்?"

"விற்பதில்லை. அம்மா வறுப்பது."

உடனே அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"விழுந்திட்டுதோ?"

"ஓம்."

"பாத்தியே, தோய்ச்சது நல்லதாப் போச்சு," என்றார் அம்மா.