மெரேயோனி திறந்த கதவு

மெரேயோனிக்கு வாய் பெரிது. பிஜி நாட்டுச் சுவா நகரில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதியில் அவள்தான் இரண்டாம் மாடித் தலைவி. அந்த வாய்க்காகவே பதவி கொடுத்தார்கள் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். காற்று வரட்டுமென்று எவளாவது பக்கவாட்டுக் கதவுக்குச் செருப்பை முட்டுக் கொடுத்துவிட்டால் போச்சு.

"எவடி அது? பூட்டு எதுக்கு வச்சிருக்கான், அழகுக்கா? செருப்பை எடுக்கிறியா, இல்ல அதாலயே வாங்குறியா?"

புதிதாக வருகிறவர்களிடம் தலைதலையாக அடித்துக்கொள்வாள்: சாவியை யாருக்கும் கொடுக்காதே, பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறவனை உள்ளே விடாதே, பயமாக இருந்தால் வெட்கப்படாமல் கத்து. இத்தனைக்கும் கந்தாவுத் தீவில் அவள் பிறந்த ஊரில் வீட்டுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. மீன் பிடித்துப் படிக்க வைத்த அப்பா போன பிறகும், டீச்சர் ஆகாமல் ஊர் திரும்புவதில்லை என்று ஒற்றைக் காலில் நின்றவள். நல்ல பெண். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

அவளோடு ஒரே அறையில் இருந்தவள் திரோயா, கடல் தாண்டிக் கிரிபாஸ் தீவு நாட்டிலிருந்து வந்தவள். இந்த ஊரில் அவளுக்கென்று ஒரு நாதி இல்லை. கிதியோனி என்ற ஒருவனோடு பழகினாள். அவன் கை நீட்ட ஆரம்பித்ததும் போதுமடா சாமி என்று விலகிவிட்டாள். அவனா விடுவான்? பஸ் ஸ்டாப்பில் நிற்பான், நூலக வாசலில் நிற்பான். கடைசியில் அவன் போட்டோவைக் காவலாளியிடமே கொடுத்து வைத்தார்கள்.

"நான் இருக்கிற வரைக்கும் அவன் இந்த மாடியில கால் வைக்க மாட்டான். வச்சா ஒடைச்சிடுவேன்" என்றாள் மெரேயோனி. திரோயா அதை நம்பினாள்.

ஒரு சனிக்கிழமை மதியம். மாடியில் பாதிப் பேர் கோயில் பாட்டு ஒத்திகைக்குப் போயிருந்தார்கள். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. காயப்போட்ட துணியை எடுக்க மெரேயோனி கீழே இறங்கியபோது, பக்கவாட்டுக் கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிதியோனி நின்றான். கையில் வாழை இலையில் கட்டிய சாப்பாடு.

"மாமன் மகளே! அத்தை மகன் நனையுறேன், பாத்துட்டு நிக்கிறியே?"

வினையே இங்கேதான். அவன் அம்மா மெரேயோனியின் ஊர்ப் பெண், அவள் அப்பாவுக்குத் தங்கை முறை. கந்தாவில் ஊர்ப் பெண் பெற்ற மகன் வந்து கேட்டால் இல்லையென்று சொல்ல யாருக்கும் நாக்கு எழும்பாது. அவன் கோழியைப் பிடித்துக்கொண்டு போனால், சிரித்துக்கொண்டே இன்னொன்றையும் பிடித்துக் கொடுப்பார்கள்.

"போடா. வாசல்ல உன் போட்டோ இருக்கு, தெரியுமா? பெரிய மாப்பிள்ளை!"

"தெரியும். அவகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேன். அம்மாதான் சேப்பங்கிழங்கும் தேங்காப்பால் மீனும் கட்டிக் கொடுத்துச்சு."

"முடியாது."

அவன் குரல் இறங்கியது. "உங்கப்பா செத்தப்போ பாய் கொண்டுவந்து விரிச்சு அழுதது யாரு? எங்கம்மா. அந்த அம்மா பெத்தவனுக்கு ஒரு கதவு திறக்க மாட்டே. படிப்பு வந்ததும் சொந்தம் கசக்குதோ?"

சுருக்கென்று தைத்தது அவளுக்கு. நான் கூடவே இருக்கப் போகிறேன், என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். அடிப் பாவி! ஊருக்குத்தான் உபதேசம் என்று ஆகிப்போனது. கதவைத் திறந்தாள். மேலே அழைத்துப் போனாள். அறைக் கதவைத் தட்டி, "திரோயா, நான்தான்" என்றாள். அந்தப் பிள்ளையும் திறந்தது.

கிதியோனி முதலில் மண்டி போட்டான். திரோயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வெளியே போ" என்றாள். அவ்வளவுதான். சாப்பாட்டுக் கட்டு சுவரில் அடித்துச் சிதறியது. அவள் கையைப் பிடித்து முறுக்கினான். மெரேயோனி அவன் முதுகில் தொற்றிக்கொண்டு அடித்தாள், கடித்தாள், மாடி அதிரக் கத்தினாள். காவலாளி ஓடி வந்து அவனை அமுக்குவதற்குள் திரோயாவின் மணிக்கட்டு முறிந்திருந்தது.

அவனைப் போலீஸ் கொண்டுபோனது. மெரேயோனியின் பதவியும் போனது. ஊரிலிருந்து சித்தப்பாவை வரவழைத்தாள். அவர் மன்னிப்புக் கேட்கும் காணிக்கையாக யங்கோனா வேர்க்கட்டை ஏந்தி வந்து, விடுதிக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, ஊர் மொத்தத்துக்குமாகத் தலை குனிந்தார்.

"எங்க வீட்டுப் பொண்ணு தப்புப் பண்ணிட்டா, மகளே. பொறுத்துக்கணும்."

திரோயா ஒரு கை கட்டோடு இருக்க, மறு கையால் வேரைத் தொட்டு ஏற்றுக்கொண்டாள். சித்தப்பா சடங்குப்படி கை தட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேரை ஏற்றுக்கொண்டால் விவகாரம் அத்தோடு தீர்ந்தது, பிறகு யாரும் அதைப் பேசக் கூடாது. அதுதான் முறை.

அவரைக் கப்பல் ஏற்றிவிட்டு மெரேயோனி மேலே வந்தாள். திரோயா ஒற்றைக் கையால் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது? மன்னிச்சுட்டேன்னு வேரைத் தொட்டியே!"

"மன்னிச்சுட்டேன், மெரே. சத்தியமா உன்மேல கோவமில்ல." திரோயா நிமிராமல் ஒரு துண்டை மடித்தாள். "ஆனா நீ பக்கத்துக் கட்டில்ல இருந்தா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

பெட்டி நிரம்பிப் பிதுங்கியது, ஒற்றைக் கையால் மூட முடியவில்லை. மெரேயோனி அழுதுகொண்டே குனிந்து, மூடியை அமுக்கிப் பூட்டிக் கொடுத்தாள்.