பதினான்கு வெறும் ஓட்டங்கள்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மூணு தடவை'. எதையும் மூன்று முறை பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இருபத்தாறு வருடத்தில் அவர் கைபட்ட லிஃப்ட் ஒன்றுகூட நடுவழியில் நின்றதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அவர் மேல் கோபம் உண்டு. அதற்காக நல்லதை மறைக்க முடியாது.

அவர் தொழிலில் ஒரு வழக்கம். பழுது பார்த்து முடித்ததும் ஆளை ஏற்ற மாட்டார். வெறும் லிஃப்டை மேலும் கீழும் ஓடவிட்டு, கதவில் காதை வைத்துக் கேட்பார். அதற்கு வெறும் ஓட்டம் என்று பெயர். "காலியா ஓடும்போதே முனகுச்சுன்னா, ஆள் ஏறினா என்ன ஆகும்?" என்பார். அவரைப் பொறுத்தவரை சத்தம் என்றால் பழுது.

அக்கா நேர் எதிர். வாயை மூடி வேலை செய்யத் தெரியாது. குழந்தைகள் காப்பகத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முப்பது வாண்டுகளைத் தூங்க வைப்பது அவள் பொறுப்பு. அதற்காக அவளே கட்டிய பாட்டு பதினொன்று. ஒன்றையும் எழுதி வைத்ததில்லை. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பாதிப் படை சாய்ந்துவிடும். ஒருநாள் அவள் லீவு போட்டபோது ஒரு குழந்தைகூடக் கண் மூடவில்லை என்று அங்கே இருந்த ஆயா தலையில் அடித்துக்கொண்டாளாம்.

போன வருடம் அவளுக்குக் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்தோம். கஷாயம், மாத்திரை, வெந்நீர் எல்லாம் ஆன பிறகு தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையையே எடுக்க வேண்டும், மூன்று வாரத்தில் அறுவை சிகிச்சை. உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு வராது. டாக்டர் இதைச் சொன்னபோது மாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் முதலில் வாய் திறந்தாள்.

"பாட்டையெல்லாம் பதிஞ்சு வச்சிடணும்டா. நான் பாடலைன்னாலும் அதுங்க தூங்கணும்ல."

எனக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. மாமா மறுநாளே வந்து நின்றார். வீட்டிலேயே பதிவு செய்ய லேப்டாப் நல்லதா, டெஸ்க்டாப் நல்லதா? நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தெரிந்ததையெல்லாம் அளந்தேன். லேப்டாப் என்றால் எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம், ஆனால் பத்து நிமிடத்தில் சூடாகி அதன் ஃபேன் மைக்குப் பக்கத்திலேயே இரையும். டெஸ்க்டாப் என்றால் பெட்டியை அடுத்த அறையில் வைத்து, நீளமான வயர் இழுத்துக்கொள்ளலாம். அவர் பொடி எழுத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். இரண்டையும் கொடுத்தனுப்பினேன்.

"எதுக்கு இவ்ளோ? போன்லயே பதிஞ்சிடலாமே" என்றாள் அக்கா.

"உன் குரலுக்குப் போன் போதுமா? ஆயுசுக்கும் கேக்கப்போறது. தகர டப்பா மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவர் சொன்னது அன்புதான். அதனால்தான் யாரும் மறுத்துப் பேசவில்லை.

படுக்கையறையில் மைக்கை நிறுத்தி வைத்தார். சுவரில் போர்வை தொங்கவிட்டார். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, "பேசாம இரு. முதல்ல வெறும் ஓட்டம் பாத்துடுவோம்" என்றார். இரண்டு நிமிடம் அறையின் அமைதியைப் பதிந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டார். ஃபேன் இரைச்சல். அடுத்த நாள் லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்து ஒன்று. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒன்று. பிறகு டெஸ்க்டாப். அதில் ஏதோ வயர் ரீங்காரம். வயரை மாற்றி ஒன்று. ஒவ்வொரு முறையும் அக்கா கையைக் கட்டிக்கொண்டு வாத்தியார் முன் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் ஏதாவது சொல்வாள், சிரிப்பாள். மாமா சுத்தக்காரர். முன்னும் பின்னும் இருக்கிற பேச்சை வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் இருக்கிற அமைதியை மட்டும் தேதி போட்டு டெஸ்க்டாப்பில் சேர்த்து வைப்பார்.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட என்னை இத்தனை தடவை பாக்கலடா இந்த மனுஷன்" என்று என்னிடம் சிரித்தாள். அந்தச் சிரிப்பே கீறலாகத்தான் வந்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கே மைக்கைப் பிடுங்கி அவள் வாயில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் டெஸ்க்டாப் என்று முடிவானது. சுவரில் துளை போட்டு வயரை இழுத்துக் கொடுத்தேன். லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோய், வழக்கப்படி எல்லாவற்றையும் அழித்து, வேறு ஒருவருக்கு விற்றேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு பாட்டையும் பதிவதாகப் பேச்சு. அக்கா வரிசைகூட யோசித்து வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம், காப்பகத்தில் குழந்தைகளுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தவளுக்கு மூச்சு முட்டியது. கட்டி வீங்கி வழியை அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மாமா வேலையிலிருந்து வந்து சேர்ந்தபோது அவளால் உதட்டை மட்டும்தான் அசைக்க முடிந்தது. நாலாம் நாள் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்த அக்காவிடம், காப்பகத்துப் பிள்ளைகளின் சிலேட்டு ஒன்று இருந்தது. ஒருநாள் நான் போயிருந்தபோது அதில் எழுதினாள்: 'பதிஞ்சதைப் போடச் சொல்லு.'

மாமா தலை குனிந்தார். "அதுல ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் வெறும் ஓட்டம்."

சிலேட்டைத் தட்டினாள். போட்டோம்.

முதலில் ஃபேன் இரைச்சல். பிறகு குறைந்த இரைச்சல். பிறகு வெறும் அறை. எங்கேயோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, அவள் மூச்சு லேசாகக் கேட்டது. பதிமூன்று கோப்புகள், பதிமூன்றிலும் என் அக்கா அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், ஒரு சொல் இல்லை. பதினான்காவது அந்த வியாழக்கிழமை காலையில் பதிந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டதால் வெட்டாமல் ஓடியிருக்கிறார். பிறகு அதை அவர் திறக்கவே இல்லை.

அதில் ஒரு நிமிடம் போல அமைதி. அப்புறம், பொறுமை போய்விட்டது போலிருக்கிறது, மெல்ல, கரகரப்போடு, அக்கா ஆரம்பித்தாள்.

"ஓட்டைக் குடைக்குத் தூக்கம் வருது, ஒதுங்கு மழையே..."

"இரும்மா, இரு! இன்னும் முடியல."

பிறகு சிரிப்பு. பிறகு மறுபடி அமைதி, கடைசி வரை.

மாமா எழுந்து சுவரைப் பார்த்து நின்றார். திரும்பாமலே, "மாப்ள, என் குரலை மட்டும் எடுத்துடு. அவ பாடினது போதும், அதைக் காப்பகத்துல குடுத்துடலாம்" என்றார்.

நான் அந்தப் பதிவின் ஒலி அலையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். 'மழையே' என்கிற சொல்லின் மேலேயே அவர் குரல் விழுந்திருந்தது. அதை மூன்று முறை பார்த்தேன், அவரைப் போலவே.

"ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு கிடக்கு மாமா. உங்களை எடுத்தா அவளும் போயிடுவா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்த மனிதர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சிலேட்டைத் துடைத்து, எழுதி, அவர் மடியில் வைத்தாள்.

'மிச்சப் பத்துப் பாட்டை எழுதித் தரேன். ராகம்தான் எழுதத் தெரியல.'