நாலாம் வார்டுக்கு நின்ற பெர்சியாள்

பத்து வருஷத்துக்குப் பிறகு 1996-இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று அறிவித்த அன்றே, பல்லடத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஊரின் காலனிப் பெண்கள் தங்கள் மெம்பரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

"நம்ம பெர்சியாதான். வேற ஆரு?" என்றாள் பக்கத்து வீட்டு நாச்சியம்மாள்.

பெர்சியாளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. விசைத்தறிக் குடோனில் நாள் முழுக்க நின்றுகொண்டு ஊடை நூலைத் தாரில் சுற்றுகிற வேலை. குழாயில் ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். வந்த அன்று தெருவே சண்டையில் கிடக்கும். வீட்டுக்கு நான்கு குடம் என்று வரிசை கட்ட வைத்தது அவள்தான். தன் குடத்தை வரிசையின் கடைசியில் வைத்தாள். அதற்குமேல் யாரால் வாய் திறக்க முடியும்?

அவளுடைய அப்பா அன்னூர்ப் பக்கத்தில் பண்ணையாளாக இருந்து ஞானஸ்நானம் பெற்றவர். கணவன் நஞ்சப்பன் மாசாணியம்மனைக் கும்பிடுகிறவன். அவன் சாமியை அவள் குறை சொன்னதில்லை. அவள் ஜெபத்தை அவன் தடுத்ததில்லை. விடிவதற்கு முன் அடுப்படியில் மண்டியிடுவாள். காய்ச்சலில் கிடப்பவர், பரீட்சை எழுதுகிற பிள்ளை, குடிக்கிற எதிர்வீட்டுக்காரர் என்று தெருவில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஜெபிப்பாள். பத்து நிமிஷம் ஆகும். பிறகு சோறு வடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி பஸ்ஸில் பல்லடம் சர்ச்சுக்குப் போய்ப் பன்னிரண்டு மணிக்குத் திரும்புவாள். பதினைந்து வருஷமாக இதில் மாற்றமில்லை.

காலனி இருந்த மூணாம் வார்டு, தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. சிக்கல் அங்கேதான். தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் கிறிஸ்தவர்களுக்கு இடமில்லை; கிறிஸ்தவராக இருக்கும்வரை சட்டப்படி அவள் அதில் நிற்க முடியாது.

தறிக்குடோன் முதலாளி பொங்கியண்ணன் பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றார். பெர்சியாள் தன் பக்கம் மெம்பராக வந்தால் காலனி ஓட்டு முழுக்க வரும் என்பது அவர் கணக்கு. அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இத பாரு பெர்சியா. இந்துன்னு ஒரு சர்டிபிகேட்டு நான் வாங்கித் தாரேன். ரெண்டு மாசம் சர்ச்சுப் பக்கம் போகாத. செயிச்ச பொறவு நீ எங்க போனா ஆரு கேக்கப் போறா?"

தறிகள் போட்ட இரைச்சலில் அவள் சற்று உரக்கவே பேச வேண்டியிருந்தது.

"நான் காத்தால மண்டி போட்டா அவர்கிட்ட என்னன்னுங்க சொல்றது? ரெண்டு மாசம் லீவுன்னுங்களா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். பொங்கியண்ணன் சிரிக்கவில்லை.

"உங்கண்ணன் அப்படிச் சர்டிபிகேட்டு வாங்கித்தானே கவருமெண்டு வேலைக்குச் சேந்தான்?"

"சேந்தாருங்க. அவருக்கு நாலு கொழந்தைங்க. அவரை நான் ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க. என்னால ஆகாதுங்க மொதலாளி, அவ்வளவுதான்."

அன்று மாலை நஞ்சப்பன் தட்டில் போட்ட சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான். தெருவே அவள்மேல் வைத்த ஆசையை ஒரு வார்த்தையில் உதறிவிட்டாளே என்று அவனுக்கு ஆற்றாமை. அவளுக்கும் வருத்தம் இல்லாமலில்லை. மெம்பராகி ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டவைக்க வேண்டும் என்று மனதுக்குள் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். மறுநாள் நாச்சியம்மாள் வீட்டுக்குப் போய், "நீ நில்லு. நான் உங்கூட வந்து ஓட்டுக் கேக்கறேன்" என்றாள். நாச்சியம்மாள் இந்து, அவளுக்குத் தடையில்லை. அரை நாள் கெஞ்சிய பிறகு சம்மதித்தாள்.

வேட்புமனுவுக்கு இரண்டு நாள் மிச்சம் இருந்தபோது நஞ்சப்பன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஓட்டமாக வந்தான். கையில் ஒரு தாள். மூச்சு இரைத்தது.

"ஏ புள்ள! நாலாம் வார்டும் பொம்பளைக்குத்தானாமா! சாதி, மதம் ஒண்ணும் கேக்க மாட்டாங்களாமா! ஊருக்குள்ள எந்த வார்டுக்காரங்களும் நிக்கலாமாமா! கிளார்க்கே சொன்னாரு!"

"அது தோட்டங்காடு வெச்சிருக்கற பெரிய வூட்டுக்காரங்க வார்டுங்க."

"அங்கதான் வரிசையாக் கட்டுன லைன் வீட்டுல தறிக்காரங்க நூத்தியெம்பது பேரு இருக்கறாங்க. அவங்க ஓட்டு ஓட்டில்லியா?"

அவள் அந்தத் தாளை வாங்கி, பெயர் எழுதும் கட்டத்தைப் பார்த்தாள். 'பெர்சியாள்' என்று அவள் பெயரையே எழுதலாம். சிரிப்பு வந்தது.

அங்கே எதிரில் நின்றவர் பொங்கியண்ணனின் தம்பி மனைவி. முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் பேச்சை நிறுத்திவிட்டார். அவளுக்குப் பூட்டு சாவிச் சின்னம் கிடைத்தது. காலனிப் பெண்கள் வீட்டுச் சாவிக்கொத்துகளை இடுப்பில் செருகிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். நாச்சியம்மாள் மூணாம் வார்டில் போட்டியில்லாமலே வந்துவிட்டதால், அவள்தான் எல்லோருக்கும் முன்னால் சாவியைக் குலுக்கிக்கொண்டு நடந்தாள். பெர்சியாள் ஒரு நாளும் வாசல் மிதிக்காத தோட்டத்து வீடுகளில் எல்லாம் நேராகப் போய் நின்று வணக்கம் சொன்னாள்.

லைன் வீட்டில் ஒரு கிழவர் கேட்டார். "தண்ணி கொண்டாந்துருவேன்னு உங்க சாமி மேல சத்தியம் பண்ணு, ஓட்டுப் போடறேன்."

"எங்க வேதத்துல சத்தியம் பண்ணக் கூடாதுங்க. தொட்டிக்கு எழுதிப்போட்டு அலையறது என் வேல. வந்த தண்ணி எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கெடைக்கும். அது மட்டும் சொல்லுவனுங்க."

கூட வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் அவள் எட்டு மணி பஸ் ஏறினாள். "இன்னைக்குமா?" என்று நாச்சியம்மாள் கத்தியது பஸ் திரும்பும்வரை கேட்டது. ஆராதனை முடிந்ததும் போதகர், அவள் ஊர் விசுவாசிகளிடம் அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாமுங்க ஐயா. சாமி பேர வச்சு ஓட்டுக் கேக்கறதுக்கு மனசு வல்லீங்க. ஜெபம் மட்டும் பண்ணுங்க."

மதியம் ஊர் திரும்பியபோது பஸ் ஸ்டாப்பில் பொங்கியண்ணன் மனைவி காளியாத்தாள் நின்றிருந்தார். இத்தனை வருஷத்தில் பெர்சியாளிடம் அவர் பேசியது குறைவு.

"ஏனம்மிணி, இன்னைக்கும் போனியாக்கு?"

"போனனுங்க."

"பொய்ச் சீட்டு வேண்டாம்னு எங்கூட்டுக்காரருகிட்டயே சொன்னியாமா?"

"ஆமாமுங்க." காளியாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்துவிட்டார். என்ன நினைத்தார் என்று தெரியவில்லை.

ஓட்டு எண்ணியது பல்லடத்தில். முதல் கட்டு ஓட்டுச்சீட்டில் அவள் இருபது ஓட்டுப் பின்தங்கியிருந்தாள். நஞ்சப்பன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். போலீஸ்காரர் இரண்டு தடவை இறக்கிவிட்டார். இரண்டாவது கட்டுச் சீட்டில் பூட்டு சாவி, பூட்டு சாவி, பூட்டு சாவி என்று வரிசையாக விழுந்தது. பெர்சியாள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். செல்லாத ஓட்டுகளை ஒதுக்கி, மறுபடியும் எண்ணினார்கள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை எடுத்தார்.

"பெர்சியாள், நூற்று எண்பத்தேழு. எதிர் வேட்பாளர், நூற்று எழுபத்தெட்டு."

ஒன்பது ஓட்டு! வெளியே நாச்சியம்மாள் போட்ட குலவையில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. தறிக்காரர்கள் நஞ்சப்பனைத் தூக்கினார்கள். மெம்பரைத் தூக்க முடியாது என்பதால். தோட்டத்து வீடுகளிலிருந்து நான்கைந்து ஓட்டாவது வராமல் இந்தக் கணக்கு வந்திருக்காது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். யார் போட்டது என்பது கடைசிவரை தெரியவில்லை. பெர்சியாளும் விசாரிக்கவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடமில்லை. மாலையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்கள் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். நஞ்சப்பன் கூட்டத்தை விலக்கி அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"உங்கிட்டச் சொல்லல. நீ செயிக்கோணும்னு நானும் மாசாணியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன்."

"அப்படின்னா போய் வேண்டுதலப் பண்ணிப்போட்டு வாங்க. வேண்டிக்கிட்டத வுடக் கூடாதுங்க."

"ஞாயித்துக்கெழம போலாம், நீயும் வாயேன். செயிச்சது நீதான?"

"ஆனைமலைக் கோயிலு வரைக்கும் கட்டுச்சோறு கட்டித் தாரேன். வேற நாளாப் பாத்துப் போங்க," என்று சிரித்தாள் பெர்சியாள். "ஞாயித்துக்கெழமை எனக்கு எட்டு மணி பஸ்ஸுங்க."